ஒழுக்கமும் ஒடுக்கமும்: வீரமாமுனிவரின் உரைநடையும் பழனிமலைக் கிறித்தவத் தியான மரபும்

ஆய்வுச் சுருக்கம்

பிறருக்கு அறம் உரைப்பவர் தம் நெஞ்சைப் பாவத்திலிருந்து காத்துக்கொள்வது எவ்வாறு என்பது கிறித்தவ இறைப்பணி மரபின் பழமையான வினாக்களுள் ஒன்று. தமிழ்ச் சூழலில் இவ்வினா வீரமாமுனிவரின் 'வேதியர் ஒழுக்கம்' என்னும் உரைநடை நூலில் அறிவுரையாகவும், 'பரமார்த்த குருவின் கதை'யில் நகைச்சுவையாகவும் உருப்பெற்றது. பின்னர் பழனிமலைத் தொடரில் செண்பகனூரிலும் கோடைக்கானலிலும் அது நிறுவனமாகவும் இடமாகவும் நிலைபெற்றது. ஒழுக்கம், ஒடுக்கம் ஆகிய இரு சொற்களை அளவுகோலாகக் கொண்டு இம்மரபை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. நெஞ்சைக் காப்பவர் தம்மைத் தாமே எண்ணிக்கொள்ளும் முறை தனித்து நின்று போதாது என்பதும், அவர் வட்டத்திற்கு வெளியே நிற்பவரின் கண்ணும் அதற்குத் தேவை என்பதும் இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: வீரமாமுனிவர், வேதியர் ஒழுக்கம், பரமார்த்த குரு, செண்பகனூர், கோடைக்கானல், ஆத்தும சோதனை, கூடாவொழுக்கம்.

முன்னுரை

திருத்தூதர் பணிகள் நூலின் இருபதாம் அதிகாரத்தில் பவுல் எபேசு நகர மூப்பர்களிடம் விடைபெறுகிறார். அவர்களுக்கு அவர் இடும் கட்டளையில் ஒரு வரிசை உண்டு. முதலில் அவர்கள் தங்களைக் குறித்து விழிப்பாயிருக்க வேண்டும். அதன் பின்னரே மந்தையைக் குறித்து. இவ்வரிசையே பிற்காலத்தில் மேய்ப்பர்களுக்கென எழுந்த நூல்களுக்கெல்லாம் அடிப்படையாயிற்று. ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் பெரிய கிரகோரியார் எழுதிய மேய்ப்புப்பணி நெறிநூலின் கடைசிப் பகுதி மிகச் சுருக்கமானது. நன்றாகப் போதித்து முடித்தவர் உடனே தம் உள்ளத்திற்குத் திரும்ப வேண்டும். இல்லையேல் போதனையின் வெற்றியே அவருக்குச் செருக்காக மாறும் என்பது அதன் சாரம். 1656-இல் ரிச்சர்ட் பாக்ஸ்டர் இங்கிலாந்தில் வெளியிட்ட மேய்ப்பர் நூலும் பவுலின் அதே கட்டளையைத் தலைப்பொருளாகக் கொண்டது. உரோமைத் திருச்சபை, சீர்திருத்தத் திருச்சபை என்னும் பிரிவைக் கடந்து இக்கவலை பொதுவாக இருந்ததை இவை காட்டுகின்றன.

பொதுமக்களின் பாவத்தைப் போன்றதன்று போதகரின் பாவம். தம் சொல்லால் பிறரைத் திருத்தும் ஆற்றல் பெற்றவர், அச்சொல்லையே தமக்குத் திரையாகவும் ஆக்கிக்கொள்ள முடியும். பாவத்தைப் பற்றி நாள்தோறும் பேசுவதால் தாம் அதனை வென்றுவிட்டதாக அவருக்குத் தோன்றலாம். எனவே அவர் நெஞ்சைக் காப்பது யார், எவ்விடத்தில், எம்முறையில் என்பன வெறும் பக்தி சார்ந்த வினாக்கள் ஆகா. அவரை நம்பியிருக்கும் சமூகத்தின் நலனும் அவற்றில் அடங்கியுள்ளது.

இவ்வினாவைத் தமிழில் ஆராய்வதற்குப் பழனிமலைத் தொடர் தக்க களமாகும். மலையின் மேல்தளத்தில் சில கிலோமீட்டர் இடைவெளியில் இரு கிறித்தவ மரபுகள் தம் நெஞ்சுக் காவல் நிலையங்களை அமைத்துக்கொண்டன. செண்பகனூரில் இயேசு சபையினர் 1895-இல் திருஇருதயக் கல்லூரியைத் தொடங்கிக் குருமாணவர்களைப் பயிற்றுவித்தனர். பழைய மதுரை மிஷனின் ஆவணங்கள் பலவும் அங்கே பேணப்பட்டன. கோடைக்கானலில் அமெரிக்க மதுரை மிஷன் 1845-இல் குடியேறியது. இவ்விரு நிலையங்களையும் புரிந்துகொள்ள, அவற்றுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முற்பட்ட ஒரு சமவெளி நூலிலிருந்து தொடங்க வேண்டும்.

1. 'ஒழுக்கம்' என்னும் சொல்

இத்தாலியில் 1680-இல் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி 1711-இல் மதுரை மிஷன் பகுதிக்கு வந்தார். கொள்ளிடக் கரையை அடுத்த ஏலாக்குறிச்சியில் நெடுங்காலம் பணியாற்றினார். அவருடைய தேம்பாவணியையும் சதுரகராதியையும் போற்றும் இலக்கிய வரலாறுகள், 1727-ஐச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் வேதியர் ஒழுக்கத்தைப் பெரும்பாலும் தமிழ் உரைநடை வளர்ச்சிக்கான சான்றாக மட்டுமே சுட்டிச் செல்கின்றன. ஆனால் அந்நூலின் பயன்பாடு தெளிவானது. ஊர்தோறும் சென்று ஞானோபதேசம் கற்பித்தவர்களும், குருவானவர் இல்லாத ஊர்களில் சபையை நடத்தியவர்களுமாகிய தமிழ் உபதேசியார்களை நோக்கி எழுதப்பட்ட நூல் அது. பிறரைக் கரையேற்ற முனைபவர் முதலில் தம்மைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது அத்தகைய நூலுக்கு உயிரான கருத்து.

நூலின் தலைப்பே ஒரு வாதமாக அமைகிறது. 'வேதியர்' என்பது தமிழ் இலக்கியத்தில் அந்தணரைக் குறித்து வழங்கிய சொல். கிறித்தவத் தமிழிலோ 'வேதம்' என்பது கிறித்தவ நெறியையே குறிக்கலாயிற்று; தென்மாவட்டச் சிற்றூர்களில் 'வேதக்காரர்', 'வேதக்கோயில்' என்னும் வழக்குகள் இதன் எச்சங்கள். பிறப்பால் அமைந்த ஒரு பெயரைப் பணியால் அமையும் பெயராக முனிவர் மாற்றுகிறார். அதனோடு 'ஒழுக்கம்' என்னும் சொல்லைச் சேர்க்கும்போது திருக்குறளின் பதினான்காம் அதிகாரம் நினைவுக்கு வருகிறது. கற்ற மறையை மறந்தாலும் மீண்டும் ஓதிக்கொள்ளலாம், ஒழுக்கம் குன்றினால் பிறப்பின் சிறப்பே கெடும் என்று வள்ளுவர் அங்கு அந்தணரைக் குறித்து உரைக்கிறார். குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்த முனிவருக்கு இவ்வெதிரொலி தெரியாதிருக்க இயலாது.

'ஒழுகு' என்னும் வினையடியிலிருந்து பிறந்தது ஒழுக்கம். நீர் ஒழுகுவதுபோல இடைவிடாது நடப்பது, நெறியில் செல்வது என்பன அதன் பொருள். இச்சொல் அகத்தையும் புறத்தையும் பிரிப்பதில்லை. உள்ளம் தூயதா என்பதை ஒருவர் நடக்கும் நடையிலேயே ஊரார் காண்கின்றனர். ஆகவே ஒழுக்கம் என்பது பிறர் கண்முன் நிகழ்வது. உபதேசியார் மக்களிடையே வாழ்பவர். அவர் வீட்டுக் கதவு ஊருக்குத் திறந்திருப்பது. அவருக்கென எழுதிய நூலுக்கு இச்சொல்லைத் தேர்ந்தது பொருத்தமே.

திருக்குறளின் இருபத்தெட்டாம் அதிகாரமான 'கூடாவொழுக்கம்' இதன் மறுபக்கம். துறவு வேடம் பூண்டு உள்ளே வஞ்சம் கொண்டவரை அது சாடுகிறது. புலித்தோல் போர்த்து மேயும் பசு, புதரில் மறைந்து பறவை பிடிக்கும் வேடன், மேனி சிவந்து மூக்குக் கறுத்த குன்றிமணி என உவமைகள் அடுக்கப்படுகின்றன. வஞ்சகரின் நடையைக் கண்டு அவருள் இருக்கும் ஐம்பூதங்களே சிரிக்கும் என்கிறது அதன் முதற்குறள். ஊரை ஏமாற்றினாலும் உடலுக்குள்ளேயே சாட்சி உண்டு என்பது வள்ளுவர் கருத்து. நெஞ்சுக் காவலைப் பற்றிய கிறித்தவப் போதனை தமிழுக்கு வந்தபோது வெற்று நிலத்தில் விழவில்லை. போலித் துறவைக் கண்டு நகைக்கத் தெரிந்த மொழியில் அது வந்து சேர்ந்தது.

2. எண்ணப்படாத ஒருவர்

அந்த நகைப்பை முனிவர் தாமே கையாண்ட இடம் பரமார்த்த குருவின் கதை. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடர்களோடு வாழும் குருவின் கதை அது. 1822-இல் பெஞ்சமின் பாபிங்டன் இதனை ஆங்கில மொழிபெயர்ப்புடன் லண்டனில் அச்சிட்டார்; அதன் பின்னர் ஐரோப்பாவிலும் புகழ் பெற்றது. இக்கதையில் யாவரும் அறிந்த நிகழ்ச்சி ஆற்றைக் கடப்பது. கரையேறியதும் எல்லாரும் வந்து சேர்ந்தனரா என்று எண்ணுகின்றனர். எண்ணுபவன் ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் கணக்கில் ஒருவர் குறைகிறார். ஆறு ஒருவரை விழுங்கிவிட்டது என்று எல்லாரும் அழுகின்றனர். அவ்வழியே வரும் வழிப்போக்கன் அவர்கள் கையிலிருந்த பணத்தைப் பெற்றுக்கொண்டு, தடியால் ஒவ்வொருவர் முதுகிலும் தட்டி எண்ணிக் காட்டுகிறான். கணக்குச் சரியாகிறது.

இதே கரு வேதாந்த மரபில் 'பத்தாம் மனிதன்' கதையாக வழங்குகிறது. அங்குத் தன்னை மறந்தவனிடம் 'நீயே பத்தாமவன்' என்று கூறுவது ஆன்ம ஞானத்திற்கு எடுத்துக்காட்டு. முனிவரின் கதையில் ஞானம் பிறப்பதில்லை, முதுகு வலிக்கிறது. இவ்வேறுபாடு முக்கியமானது. தத்துவ மரபில் மறதி அறியாமையாகக் காணப்படுகிறது. இங்கு அது குருவின் தொழில்நோயாகக் காட்டப்படுகிறது. பிறரை எண்ணுவதே பணியாகக் கொண்டவர் தம்மை எண்ண மறக்கிறார். போதகரின் நெஞ்சுக் காவலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதப்பட்ட அறிவுரைகளை இந்த ஆற்றங்கரைக் காட்சி ஒரே கணக்கில் அடக்கிவிடுகிறது.

இக்கதையின் முதல் வாசகர் யார் என்பது இவ்வாசிப்பை மேலும் கூர்மையாக்குகிறது. பேச்சுத்தமிழ் கற்கும் மிஷனரிகளுக்குப் பயிற்சிப் பாடமாக, இலத்தீன் மொழிபெயர்ப்புடன் முனிவர் இதனை அமைத்தார். குருவின் பேதைமையைப் படித்துச் சிரிக்க வேண்டியவர்கள் தாமே குருக்கள். வேதியர் ஒழுக்கம் தமிழ் உபதேசியாருக்குக் கட்டளை இடுகிறது. பரமார்த்த குருவின் கதை ஐரோப்பியக் குருவின் கையில் சிரிப்பை வைக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது முனிவரின் உரைநடை ஒரு முழு வட்டமாகிறது.

ஆயினும் இக்கதை வரலாற்றில் அவ்வாறு படிக்கப்படவில்லை. நாட்டு மடங்களையும் அவற்றின் குருமாரையும் கிண்டல் செய்யும் கதை என்றே அது பெரும்பாலும் கொள்ளப்பட்டது. அவ்வாறு படித்த ஒவ்வொரு மிஷனரியும் ஆற்றங்கரையில் நின்ற சீடனாகிறார். பிறர் குருவை எண்ணினார், தம்மை எண்ணவில்லை. முனிவர் இதனை எண்ணியே எழுதினாரா என்பதைக் கதையின் சொற்களால் நிறுவ இயலாது. ஆனால் கதையின் கட்டமைப்பு இவ்வாசிப்பிற்கு இடம் தருகிறது என்பதும், வாசகரையே தன் வலையில் வீழ்த்துகிறது என்பதும் தெளிவு.

3. செண்பகனூரும் இரவுக் கணக்கும்

1773-இல் இயேசு சபை திருத்தந்தையால் கலைக்கப்பட்டது. மீண்டும் நிறுவப்பட்ட சபையின் குருக்கள் 1838-இல் மதுரைப் பகுதிக்குத் திரும்பினர். புதிய மதுரை மிஷனின் பயிற்சி இல்லமாகச் செண்பகனூர் எழுந்தபோது, வீரமாமுனிவரைப் போன்றோரின் மரபுக்குத் தாமே வாரிசு என்னும் உணர்வு அங்கு வலுவாக இருந்தது. அம்மரபின் உயிர்நாடி இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகள். 1548-இல் அச்சான அச்சிறுநூல் நான்கு வாரமாகப் பகுக்கப்பட்டு ஏறத்தாழ முப்பது நாள் தனிமையில் செய்யப்படுவது. இதனைக் கத்தோலிக்கத் தமிழ் 'ஞான ஒடுக்கம்' என்னும் சொல்லால் குறித்தது.

இப்பயிற்சியின் அன்றாட வடிவமே ஆத்தும சோதனை. அது கணக்கியல் போன்ற ஒழுங்குடையது. ஒரு நேரத்தில் ஒரே குற்றத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். காலையில் அதனை விலக்க உறுதி பூண வேண்டும். நண்பகலிலும் இரவிலும் எத்தனை முறை தவறினோம் என்று எண்ணி, அந்நாளுக்குரிய இரு கோடுகளில் புள்ளியிட வேண்டும். நாளை நாளோடும் வாரத்தை வாரத்தோடும் ஒப்பிட வேண்டும். 'நான் பாவி' என்னும் பொதுவான புலம்பலுக்கு இதில் இடமில்லை. கோபமா, பொறாமையா, புகழாசையா, எத்தனை முறை என்று அது கேட்கிறது. பரமார்த்த குருவின் சீடர் செய்யத் தவறிய எண்ணிக்கையை நாள்தோறும் இருமுறை செய்விக்கும் முறை இது எனலாம்.

தன்னை எண்ணுவதன் எல்லையையும் இஞ்ஞாசியார் அறிந்திருந்தார். தீய ஆவியை அவர் ஒரு பெண்ணை மயக்க முனையும் கள்ளக் காதலனுக்கு ஒப்பிடுகிறார். தன் பேச்சு மறைவாகவே இருக்க வேண்டும் என்பதே அவன் விருப்பம், அது தந்தைக்கோ கணவனுக்கோ தெரிந்துவிட்டால் அவன் திட்டம் பாழாகும். மற்றோரிடத்தில் கோட்டையைச் சுற்றிவந்து வலுக்குறைந்த பக்கத்தைத் தேடித் தாக்கும் படைத்தலைவனுக்கு ஒப்பிடுகிறார். எனவே நெஞ்சத்தை ஒப்புரவுக் குருவிடமோ ஆன்ம வழிகாட்டியிடமோ திறந்து காட்டுவதே காவல் என்கிறார். உட்பகையை வெல்ல இரண்டாம் ஒருவர் தேவை என்னும் இவ்வுளவியல் நுட்பம் மதிக்கத்தக்கது.

எனினும் ஒரு குறை எஞ்சுகிறது. வழிகாட்டியும் அதே இல்லத்தைச் சேர்ந்தவர். அதே சபை உடையை உடுத்தவர். அதே கண்ணால் உலகைக் காண்பவர். ஒருவருடைய குற்றத்தை மற்றவர் காணலாம். இருவருக்கும் பொதுவான குற்றத்தைக் காண்பவர் யார்? கதையில் கணக்கைச் சரிசெய்தவன் ஆறாம் சீடன் அல்லன் என்பது இங்கு நோக்கத்தக்கது. அவன் அக்கூட்டத்தோடு எவ்வுறவும் இல்லாதவன்.

4. தோளில் ஏறிய தியானம்

செண்பகனூரைத் தாண்டிக் கோடைக்கானலுக்குச் சென்றால் சீர்திருத்தத் திருச்சபை மரபு வேறு காரணத்தால் அதே மலைக்கு வந்ததைக் காணலாம். யாழ்ப்பாணத்திலிருந்து 1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள் வெப்பத்தாலும் நோயாலும் பலரை இழந்தனர். முதலில் திண்டுக்கல் அருகே சிறுமலையில் தங்கிப் பார்த்தனர். அங்கும் காய்ச்சல் விடவில்லை. 1845-இல் கோடைக்கானலில் சன்னிசைடு, ஷெல்டன் என்னும் இரு இல்லங்களைக் கட்டினர். ஏறத்தாழ ஏழாயிரம் அடி உயரத்தில் உடல் தேறியது. உடல் தேறிய இடமே நாளடைவில் உள்ளம் தேறும் இடமாகவும் ஆயிற்று. 1890-இல் கோடைக்கானல் மிஷனரி சங்கம் உருவானது. 1901-இல் மிஷனரிகளின் பிள்ளைகளுக்கான பள்ளி தொடங்கியது. கோடை மாதங்களில் பல மிஷன்களைச் சேர்ந்தவர்கள் கூடிச் செபிக்கவும் தம்மைச் சோதித்துக்கொள்ளவும் மலை வாய்ப்பளித்தது.

இத்தேவையை எள்ளிப் பேசுவது நியாயமன்று. பிள்ளைகளையும் துணைவரையும் சமவெளியில் புதைத்துவிட்டுப் பணியைத் தொடர்ந்தவர்கள் அவர்கள். சோர்ந்த உள்ளம் பாவத்திற்கு எளிதில் இடங்கொடுக்கும் என்பது ஆன்மிக நூல்கள் அனைத்தும் ஒப்பும் உண்மை. ஆனால் மலையை அடையும் வழியும் கணக்கில் சேர வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் மோட்டார்ச் சாலை திறக்கப்படும்வரை, பெரியகுளம் பகுதியின் கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பிலிருந்து செங்குத்தான மலைப்பாதையிலேயே ஏற வேண்டும். நடக்க இயலாதோரையும் நடக்க விரும்பாதோரையும் டோலிகளிலும் நாற்காலிகளிலும் வைத்துக் கூலியாட்கள் சுமந்து சென்றனர். தம் நெஞ்சின் சுமையை இறக்கிவைக்கச் சென்றவர்கள் பிறர் தோளுக்குச் சுமையாகச் சென்றனர். இரவில் செய்யும் சோதனையில் கோபமும் செருக்கும் எளிதில் அகப்படும். தோளில் ஏறிய பயணம் குற்றமாகத் தோன்றியிருக்க வாய்ப்புக் குறைவு, ஏனெனில் அது அனைவருக்கும் பொதுவான வழக்கம்.

இதே மிஷன் மலையேறிய இரண்டாம் ஆண்டில், 1847-இல், தன் தமிழ்ப் பணியாளர்களின் நெஞ்சைச் சோதிக்க முனைந்தது. சாதியை முற்றிலும் துறந்ததாக அவர்கள் செயலால் காட்ட வேண்டும். சாதி பாராது ஒன்றாக உண்ண வேண்டும் என்று வற்புறுத்தியது. உடன்பட மறுத்த உபதேசியார் பலர் பணியிலிருந்து நீக்கப்பட்டனர். இம்முடிவின் அறத்தை மறுக்க இயலாது. சாதி என்பது சமூக வழக்கம் மட்டுமே, பாவம் அன்று என்று பிற மிஷன்கள் பல சமாதானம் செய்துகொண்ட காலத்தில் அதனைப் பாவம் என்று பெயரிட்டழைத்த துணிவு அதற்கு உண்டு. ஒழுக்கம் என்பது பந்தியில் தெரிய வேண்டும் என்னும் தமிழ் அளவுகோலும் அதில் செயல்பட்டது. ஆயினும் அச்சோதனை ஒரே திசையில் சென்றது. ஊதியம் தருபவர் ஊதியம் பெறுபவரை எண்ணினார். பந்தியில் அமர்ந்து உண்ண வேண்டும் என்று விதித்தவரோடு அவ்வுபதேசியார் எத்தனை முறை சமமாக அமர்ந்து உண்டார் என்னும் வினாவைக் கேட்க அவருக்கு உரிமை இருக்கவில்லை.

5. 1910: வெளியிலிருந்து வந்த எண்ணிக்கை

அவ்வுரிமையைப் பயன்படுத்திய குரல் 1910-இல் எழுந்தது. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா அவ்வாண்டு எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் உரையாற்றினார். மேலைநாட்டு மிஷனரிகளின் தியாகத்தை அவர் மறுக்கவில்லை. அதற்கு இந்தியத் திருச்சபை என்றும் கடன்பட்டிருக்கும் என்றார். ஆனால் அவர்களுக்கும் இந்தியப் பணியாளர்களுக்கும் இடையே உள்ள விலகலைச் சுட்டிக்காட்டி, தம் மக்களுக்குத் தேவையானது நட்பு என்று வேண்டினார். அவையில் பலருக்கு அது கசந்தது. இரண்டாண்டுகளில், 1912-இல், அவர் தோர்ணக்கல் ஆயரானார். மிஷனரிகள் தம் தனியறைகளில் எண்ணத் தவறிய ஒன்றை வெளியிலிருந்து வந்தவர் எண்ணிக் காட்டினார். அவர் சுட்டியது இன்னாரின் கோபத்தையோ இன்னாரின் காமத்தையோ அன்று. நல்லவர்கள் பலர் கூடி, உறுத்தல் இன்றி வாழ்ந்துவந்த ஒரு தொலைவை அவர் பாவமாகக் காட்டினார்.

அதே 1910-இல் கத்தோலிக்கத் தரப்பிலும் ஒரு கணக்குத் தீர்க்கப்பட்டது. மதுரை மிஷனின் பொறுப்பில் இருந்த வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயத்தில் வெள்ளாளரையும் நாடார் முதலியோரையும் பிரித்து நின்ற சுவர் இடிக்கப்பட்டது. பிரிவினைக்கு எதிராக நெடுங்காலம் முறையீடும் பூசலும் நிகழ்ந்த ஊர் அது. சுவரை மீண்டும் எழுப்ப வேண்டும் என்று உயர்சாதியார் தொடுத்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. செண்பகனூர்க் கல்லூரி தொடங்கிப் பதினைந்து ஆண்டுகள் அச்சுவர் நின்றிருந்தது என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். அந்த ஆண்டுகளில் அம்மிஷனின் குருக்கள் நாள்தோறும் இருமுறை தம் நெஞ்சை எண்ணினர். அவ்வெண்ணிக்கை நேர்மையற்றது என்று கூற எச்சான்றும் இல்லை. ஆனால் கோடுகளில் இட்ட புள்ளிகள் தனிமனிதக் குற்றங்களைக் குறித்தன. சுவருக்கு அங்கே கோடு இல்லை. சுவரின் மறுபக்கம் நிறுத்தப்பட்டவர்களே அதனை எண்ணினர். இறுதியில் இடித்த கை குருக்களுடையதாயினும் கணக்கைத் தொடங்கியவர்கள் அவர்கள்.

வீரமாமுனிவரின் காலத்திற்கும் இக்குறை புதிதன்று. தத்துவபோதகர் தொடங்கிய பழைய மதுரை மிஷனில் உயர்சாதியாரிடையே பணியாற்றும் பிராமண சந்நியாசிகள், பிறரிடையே பணியாற்றும் பண்டாரசாமிகள் எனக் குருக்களே வேறுபட்ட வேடங்களில் இயங்கினர். 'வேதியர்' என்னும் பெயரைப் பிறப்பிலிருந்து பணிக்கு மாற்றியது சொல்லளவில் பெரும் புரட்சி; நடைமுறை அச்சொல்லின் உயரத்தை எட்டவில்லை. நூல்கள் தம் ஆசிரியரையும் மிஞ்சி உண்மை பேசுவது உண்டு. வேதியர் ஒழுக்கத்தின் தலைப்பு அத்தகையது.

6. மலையும் மனமும்

மேற்கண்ட மதிப்பீட்டிற்கு ஒரு தடை எழலாம். நற்செய்தி நூல்களில் இயேசு தாமே கூட்டத்தை விட்டு மலைக்குச் சென்று தனித்துச் செபிக்கிறார். ஒடுக்கம் இல்லாமல் ஒழுக்கம் நிலைக்குமா? இத்தடை வலுவுடையது. ஓயாது மக்களிடையே இயங்கும் போதகர் தம் குரலையே இறைவன் குரலாக மயங்கும் இடர் உண்டு. தனிமை அம்மயக்கத்தைத் தெளிவிக்கும். செண்பகனூரின் அமைதியில் தம்மைக் கண்டு திருந்திய குருக்கள் பலர் இருந்திருப்பர். அவர்களுடைய நன்மையைச் சமவெளியின் மக்களே துய்த்தனர்.

ஆயினும் அதே நற்செய்தி, மலையைக் காவல் நிலையமாக மட்டும் காட்டவில்லை. மத்தேயுவின் நான்காம் அதிகாரத்தில் உலக அரசுகள் அனைத்தையும் காட்டி அலகை இயேசுவைச் சோதிப்பது மிக உயர்ந்த மலையொன்றின் மேல்தான். உயரத்திலிருந்து பார்க்கும்போது கீழே உள்ளவை ஆளத்தக்க பொருளாகத் தோன்றும். அங்கிருந்து இறங்கிவருவதே வெற்றி.

தமிழ் மரபும் இதற்குத் துணைநிற்கிறது. அகப்பொருள் இலக்கணத்தில் குறிஞ்சிக்கு உரிய ஒழுக்கம் புணர்தல். மலை என்பது விலகும் இடமாக அன்றிக் கூடும் இடமாகவே அங்கு வகுக்கப்பட்டது. இத்தொடரின் வடக்கடிவாரத்தில் பழனி உள்ளது. கனி கிடைக்காத சினத்தால் சுற்றத்தை விட்டுக் குன்றேறிய முருகன் அங்கு ஆண்டிக்கோலத்தில் நிற்பதாகத் தலபுராணம் கூறும். ஆனால் அவ்வாண்டி தனித்து விடப்படவில்லை. காவடி சுமந்த மக்கள் தம் தோள்வலியோடு அவனைத் தேடி ஏறிக்கொண்டே இருக்கின்றனர். துறந்தவனையும் மக்கள் சூழ்ந்து நிற்பதே தமிழ்மலைகளின் இயல்பு.

'ஒடுக்கம்' என்னும் சொல்லும் ஓர் எச்சரிக்கையைத் தன்னுள் வைத்துள்ளது. தன்வினையாக 'ஒடுங்கு' என்றால் அடங்கி உள்ளே சுருங்குதல். பிறவினையாக 'ஒடுக்கு' என்றால் பிறரை நசுக்குதல். தம்முள் ஒடுங்குகிறவர், அவ்வொடுக்கத்தைத் தாங்கும் பிறரை ஒடுக்கிவிடாதிருக்க வேண்டும். டோலி சுமந்தவரும், நீக்கப்பட்ட உபதேசியாரும், சுவருக்கு அப்பால் நின்றவரும் இச்சொல்லின் இரண்டாம் பொருளை அறிந்தவர்கள்.

முடிவுரை

போதகரின் நெஞ்சுக் காவலைக் குறித்த தமிழ்க் கிறித்தவ மரபில் மூன்று படிகள் காணப்படுகின்றன. முதலாவது, தன்னை எண்ணுதல். இதனை இஞ்ஞாசியாரின் ஆத்தும சோதனை நுட்பமாகக் கற்பித்தது. இரண்டாவது, தன் போன்ற ஒருவரிடம் நெஞ்சைத் திறத்தல். ஒப்புரவும் ஆன்ம வழிகாட்டலும் இதனை நிறைவேற்றின. மூன்றாவது, தம் வட்டத்திற்கு வெளியே நிற்பவர் தம்மை எண்ண இடங்கொடுத்தல். இது எந்நூலிலும் விதியாக எழுதப்படவில்லை; வரலாறு வலிந்து கற்பித்தது. அசரியாவின் குரலும் வடக்கன்குளத்தின் முறையீடும் அதற்குச் சான்று.

இறைப்பணியாளரின் அதிகாரத்தவறுகள், பணக்கையாடல், பாலியல் வன்முறை ஆகியவை உலகத் திருச்சபைகள் அனைத்தையும் இன்று உலுக்கிவருகின்றன. அவற்றுக்கு விடையாக மேலும் நீண்ட தியானங்களை மட்டும் பரிந்துரைப்பது முதலிரு படிகளிலேயே நின்றுவிடுவதாகும். பாதிக்கப்பட்டவர் பேசுவதற்கும், பேசியபின் பழிவாங்கப்படாதிருப்பதற்கும் இடம் அமைப்பதே மூன்றாம் படி. அவ்விடம் இல்லாத திருச்சபையில் குற்றமற்ற போதகரும் காவலற்றவரே.

வேதியர் ஒழுக்கத்தை உரைநடை வரலாற்றின் அலமாரியிலிருந்து எடுத்து, பரமார்த்த குருவின் கதையோடு இணைத்துப் பயில்வது இவ்வகையில் பயன்தரும். முன்னது என்ன செய்ய வேண்டும் என்று கூறுகிறது. பின்னது அதனைத் தனியே செய்ய முடியாது என்று காட்டுகிறது. ஆற்றங்கரையில் நின்று எண்ணிய சீடர் எவரும் பொய்க்கணக்குச் சொல்லவில்லை. ஒவ்வொருவனும் உண்மையாகவே எண்ணினான், உண்மையாகவே அழுதான். ஆயினும் வழிப்போக்கன் வரும்வரை கணக்கில் ஒருவர் குறைந்துகொண்டே இருந்தார்.